படம் பார்ப்பவர்களைப் பார்ப்பவர்கள்

"போனைக் கீழே வை. அதனால்தான் கணக்கில் மதிப்பெண் குறைந்திருக்கிறது" என்றார் அப்பா. அரையாண்டுத் தேர்வு முடிந்து, மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்குவதற்காக நான் அவர் முன் நின்றுகொண்டிருந்த மாலைப்பொழுது அது. "அதனால்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை என்பதைப் பிறகு உணர்ந்து மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்விதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அறையின் மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மாச்சி, "எங்க காலத்துல சினிமாக் கொட்டகைக்குப் போனா பொண்ணு கெட்டுப்போயிரும்னு சொன்னாங்க. ஒங்க அம்மா காலத்துல டி.வி.யச் சொன்னாங்க. இப்ப போனு" என்றார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கோ அதுவே ஒரு வழிகாட்டியாயிற்று.

தோழியரே, திரையைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் எவரும் இலர். ஆனால் கருத்துச் சொல்வது வேறு, கண்டறிவது வேறு. திரைப்படமும் தொலைக்காட்சியும் கைபேசியும் மனிதரை என்ன செய்கின்றன என்பதைக் கண்டறிவதையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்கள் எப்படி அதைச் செய்கிறார்கள்? எங்கள் நூலக சிஸ்டர் தேடித் தந்தவற்றைப் படித்து, எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

ஆராய்ச்சியாளர்களில் ஒரு சாரார் படத்தையே ஆராய்கிறார்கள். மறு சாரார் படம் பார்ப்பவர்களை ஆராய்கிறார்கள். அப்பாவுக்கும் எனக்கும் இருந்த வழக்கு இரண்டாம் சாராருடையது என்பதால் முதல் சாராரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கேமரா ஓடத் தொடங்கியதிலிருந்து வெட்டு விழும்வரை உள்ள துண்டை ஷாட் என்கிறோம். 1974-ஆம் ஆண்டு பாரி சால்ட் என்பவர், படங்களைப் பற்றி அழகாகப் பேசுவதோடு நில்லாமல் அவற்றை எண்ணியும் பார்க்க வேண்டும் என்று எழுதினார். ஒரு படத்தின் நீளத்தை அதிலுள்ள ஷாட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் கிடைக்கும். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் இதை நூற்றுக்கணக்கான படங்களுக்குச் செய்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. 1930 முதல் 1960 வரை வந்த அமெரிக்கப் படங்களில் ஒரு ஷாட் சராசரியாக 8 முதல் 11 வினாடிகள் நின்றது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பல படங்களில் 3 முதல் 6 வினாடிகளாகச் சுருங்கிவிட்டது. 2005-இல் யூரி ட்சிவியன் என்ற பேராசிரியர், எவர் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே வெட்டுகளை எண்ணிப் பதிவு செய்வதற்குச் 'சினிமெட்ரிக்ஸ்' என்ற ஏற்பாட்டைச் செய்தார். நானும் ஒரு நாள் அம்மாச்சி பார்க்கும் தொடரை வைத்துக்கொண்டு, தாளும் பென்சிலுமாக எண்ணிப் பார்த்தேன். மருமகளின் முகத்தை மூன்று பக்கத்திலிருந்தும் மூன்று முறை இடி முழக்கத்தோடு காட்டினால் அது ஒன்றா, மூன்றா என்று கேட்டபோது, அம்மாச்சி என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

படத்தை ஆராய வேண்டுமானால் முதலில் படம் இருக்க வேண்டும் அல்லவா? இங்கேதான் நம்மவர்களுக்குப் பெருந்துயரம். தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று எங்கும் இல்லை. 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தின் பிரதியும் கிடைக்கவில்லை. அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. தீப்பற்றாதது நாளடைவில் தானே சிதைந்துபோயிற்று. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் பழைய நாளிதழ் விளம்பரங்கள், கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள், தணிக்கைக் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டு, பார்க்க முடியாத படங்களைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. தமிழ்த் திரைப்பட வரலாற்றை ஆராய்ந்த சு. தியடோர் பாஸ்கரன் 1981-இல் வெளியிட்ட நூல் இத்தகைய உழைப்பில் விளைந்தது.

ஒரு படம் மட்டும் வேடிக்கையான முறையில் தப்பியது. 1933-இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படத்தின் மீது, மூல நாவலை வெளியிட்ட பதிப்பகத்தார் உரிமை வழக்குத் தொடர்ந்தார்கள். படம் ஓடாமல் முடங்கி, பிரதி அவர்களிடமே கிடந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1974-இல், பூனாவிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் அதை மீட்டது. ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கும். வழக்கு அதைக் காப்பாற்றியது!

இனி நம் வழக்குக்கு வருவோம்.

திரை மக்களைக் கெடுக்கிறதா என்பதை விசாரிக்க நம் நாட்டில் முதன்முதலாக ஒரு பெரிய குழு அமைந்தது 1927-இல். அதற்குத் தலைவர் சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். அந்தக் குழு நாடெங்கும் பயணம் செய்து, 353 சாட்சிகளை விசாரித்து, 1928-இல் அறிக்கை தந்தது. கேள்வித்தாள் அனுப்பிக் கருத்துக் கேட்பது, நேரில் அழைத்து வாக்குமூலம் வாங்குவது ஆகிய இரண்டும் இன்றளவும் ஆராய்ச்சியாளர்கள் கையாளும் முறைகளே. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. காந்தியடிகளுக்கும் கேள்வித்தாள் சென்றது. தாம் ஒருபோதும் சினிமாவுக்குச் சென்றதில்லை என்றும், வெளியில் நிற்பவனுக்கே அதன் தீமை தெரிகிறது என்றும் அவர் பதில் எழுதினார். மகாத்மாவிடம் குறை காண எனக்குத் தகுதியில்லை. இருந்தாலும், கருத்துக் கேட்டால் கருத்துத்தான் கிடைக்கும் என்பதை இது காட்டுகிறது.

அமெரிக்காவில் ஏறத்தாழ அதே காலத்தில், 1929 முதல் 1932 வரை, ஒரு படி மேலே சென்றார்கள். பெய்ன் நிதி ஆய்வுகள் என்று அவற்றுக்குப் பெயர். வில்லியம் ஷார்ட் என்ற போதகர் முன்னின்று பல பல்கலைக்கழகப் பேராசிரியர்களைத் திரட்டினார். ஒரு குழு பிள்ளைகளின் தோலில் மின்கம்பி இணைத்து, பயங்கரக் காட்சிகளின்போது உடலில் ஏற்படும் மாற்றத்தை அளந்தது. மற்றொரு குழு செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒஹாயோ மாநிலத்தில் ஓர் இல்லத்தில் வாழ்ந்த பிள்ளைகளின் கட்டில்களில் அசைவைப் பதிவு செய்யும் கருவியைப் பொருத்தினார்கள். படம் பார்த்த இரவில் பிள்ளை எத்தனை முறை புரண்டு படுக்கிறது, பார்க்காத இரவில் எத்தனை முறை என்று ஒப்பிட்டார்கள். சில படங்கள் பிள்ளைகளைப் புரளச் செய்தன. வேறு சில படங்களைப் பார்த்தபின் வழக்கத்தைவிட அமைதியாகத் தூங்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதம். ஆய்வு நூல்கள் இப்படி நிதானமாகத்தான் பேசின. ஆனால் 1933-இல் அவற்றைச் சுருக்கிப் பொதுமக்களுக்காக எழுதப்பட்ட புத்தகமோ, சினிமா பிள்ளைகளைப் பாழாக்குகிறது என்று ஒரே போடாகப் போட்டது. பரபரப்பாகப் பேசப்பட்டது அந்தப் புத்தகம்தான்.

திருச்சபையும் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. 1936-இல் பதினோராம் பத்திநாதர் சலனப்படங்களைப் பற்றியே தனியாக ஒரு சுற்றுமடல் எழுதினார். தீய படங்களை அவர் கண்டித்தார். ஆயினும் நல்ல படங்கள் பெரும் நன்மை செய்ய வல்லவை என்பதையும் அதே மடலில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டாம் பகுதியை மறைக்கல்வி வகுப்பில் எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை!

அடுத்து, சோதனை முறை. 1961-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலைப் பள்ளியில் ஆல்பர்ட் பண்டுரா 72 குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றை ஒரு பெரியவர் அடித்து உதைப்பதைச் சில குழந்தைகள் பார்த்தார்கள். வேறு சிலர், பெரியவர் அமைதியாக விளையாடுவதைப் பார்த்தார்கள். மூன்றாம் பகுதியினர் எதையும் பார்க்கவில்லை. பிறகு குழந்தைகளை அதே பொம்மையோடு விட்டபோது, அடியைப் பார்த்தவர்கள் அதிகமாக அடித்தார்கள். 1963-இல் அதையே படமாகக் காட்டியும் சோதித்தார். விளைவு அப்படியே இருந்தது. ஆனால் அந்தப் பொம்மை அடித்தால் விழுந்து எழுவதற்கென்றே செய்யப்பட்டது. பொம்மையை அடித்த குழந்தை தம்பியையும் அடிக்குமா என்று மற்ற ஆராய்ச்சியாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஓர் அறைக்குள் பத்து நிமிடம் நடப்பது வேறு, ஊருக்குள் பத்து ஆண்டு நடப்பது வேறு.

அப்படியானால் ஓர் ஊரையே ஆராய முடியுமா? முடிந்திருக்கிறது. இந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1973-இல் கனடா நாட்டில் ஒரு சிற்றூருக்குத் தொலைக்காட்சியே எட்டவில்லை. ஊர் ஒன்றும் காட்டின் நடுவில் இல்லை. பள்ளத்தாக்கில் அமைந்திருந்ததால் அலை வந்து சேரவில்லை, அவ்வளவுதான். சில மாதங்களில் அங்கும் தொலைக்காட்சி வரப்போகிறது என்ற செய்தி, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டானிஸ் மக்பெத் வில்லியம்ஸ் என்ற அம்மையாருக்குக் கிடைத்தது. இத்தகைய வாய்ப்பு ஆயுளில் ஒரு முறைதான் வரும். அவர் தம் குழுவோடு உடனே புறப்பட்டார். ஊரின் பெயரை மறைத்து அதற்கு 'நோடெல்' என்று பெயரிட்டார். பக்கத்தில், ஒரே ஒரு அலைவரிசை கிடைக்கும் ஊரை 'யூனிடெல்' என்றும், பல அலைவரிசைகள் கிடைக்கும் ஊரை 'மல்டிடெல்' என்றும் குறித்தார். தொலைக்காட்சி வருமுன் மூன்று ஊர்களிலும் அளந்தார்கள். வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் அளந்தார்கள்.

எதை அளந்தார்கள்? பிள்ளைகள் எவ்வளவு சரளமாக வாசிக்கிறார்கள் என்பதை. பழைய செய்தித்தாளைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்பது போன்ற கேள்விகளுக்கு எத்தனை விதமாக விடை சொல்கிறார்கள் என்பதை. விளையாட்டுத் திடலில் ஒருவரையொருவர் எத்தனை முறை அடிக்கிறார்கள், திட்டுகிறார்கள் என்பதை. பெரியவர்கள் எத்தனை கூட்டங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் ஊர் விழாக்களுக்கும் போகிறார்கள் என்பதை.

தொலைக்காட்சி வருமுன் நோடெல் பிள்ளைகள் புதிது புதிதாக விடை சொல்வதில் மற்ற ஊர்ப் பிள்ளைகளை விஞ்சி நின்றார்கள். இரண்டு ஆண்டுகளில் அந்த மேன்மை மறைந்து மற்றவர்களோடு சமமாகிவிட்டார்கள். திடலில் அடிதடியும் வசவும் கூடின. ஊர்க் கூட்டங்களில் தலைகள் குறைந்தன. இதைப் படித்தபோது, அப்பா சொன்னது சரிதானோ என்று எனக்கே மனம் இறங்கிவிட்டது.

ஆனால் நூலக சிஸ்டர், "அவசரப்படாதே, இன்னொன்றும் இருக்கிறது" என்று சொல்லி அடுத்ததைக் கொடுத்தார். நெப்போலியனைச் சிறைவைத்த செயின்ட் ஹெலினா தீவு வரலாற்றுப் பாடத்தில் நமக்குத் தெரியும். அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவில் உள்ள அந்தத் தீவுக்கு 1995 மார்ச் மாதத்தில்தான் வழக்கமான தொலைக்காட்சி ஒளிபரப்பு வந்தது. டோனி சார்ல்டன் தலைமையில் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் பள்ளித் திடல்களில் கேமராக்களை வைத்து, தொலைக்காட்சிக்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் விளையாடுவதைப் பதிவு செய்து எண்ணினார்கள். பிள்ளைகளின் நடத்தை கெடவில்லை! தீவு சிறியது, ஒருவரையொருவர் எல்லாரும் அறிவார்கள், குறும்பு செய்தால் வீட்டுக்குச் செய்தி போய்விடும். இத்தகைய கட்டுக்கோப்பு பிள்ளைகளைக் காத்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். எங்கள் தெருவிலும் அப்படித்தான். நான் ஐஸ் வாங்கித் தின்றால் வீடு வந்து சேருமுன் அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒரே மருந்து இரண்டு உடலில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. அப்படியானால் மருந்தை மட்டும் ஆராய்ந்தால் போதாது என்றாகிறது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆராய்ச்சி ஒன்று நம் இந்தியாவிலேயே நடந்திருக்கிறது. இதை நம் பாடநூலில் ஏன் சேர்க்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, சரியாக ஓர் ஆண்டு, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா தன் ஏ.டி.எஸ்.-6 என்ற செயற்கைக்கோளை நமக்கு இரவல் தந்தது. அதன் வழியாக ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டப்பட்டது. 'சைட்' என்பது அத்திட்டத்தின் பெயர். கனவு கண்டவர் டாக்டர் விக்ரம் சாராபாய். 1971-லேயே அவர் காலமாகிவிட்டதால் நனவானதைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. நம் மாநிலம் அந்த ஆறில் இல்லை. ஆயினும் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் அதே ஆகஸ்ட் மாதம் 15-ஆம் நாள்தான் தொடங்கியது.

கிராமத்துக்கு ஒரு பெட்டி. பள்ளிக்கூடம் போன்ற பொது இடத்தில் வைத்தார்கள். வானத்திலிருந்து வரும் அலையைப் பிடிக்க, கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலையால் மூன்று மீட்டர் அகலத்தில் குடை போன்ற ஏந்தி செய்தார்கள். காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு உழவும் உடல்நலமும் கலைநிகழ்ச்சிகளும். அத்தகைய ஏந்தி ஒன்றை இஸ்ரோ இலங்கையிலும் நிறுவியது. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் வீட்டில்! செயற்கைக்கோள் வழியே உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945-லேயே எழுதியவருக்குச் செய்த மரியாதை அது.

பெட்டியை வைத்தவர்கள் அதோடு திரும்பிவிடவில்லை. மக்களிடம் அது என்ன செய்கிறது என்பதை அறிய இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். முதல் வழி பெரும் கணக்கெடுப்பு. தொலைக்காட்சி வருமுன்னும், வந்தபோதும், முடிந்தபின்னும் ஆயிரக்கணக்கானோரிடம் கேள்விகள் கேட்டு, பெட்டி உள்ள கிராமங்களையும் இல்லாத கிராமங்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டாம் வழியில் மானிடவியலாளர்கள் சில கிராமங்களில் போய்க் குடியேறினார்கள். மாதக்கணக்காக அங்கேயே சமைத்து உண்டு, யார் எங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள், எந்தச் சாதியார் முன்னே, எவர் பின்னே, பெண்கள் எப்போது எழுந்து போகிறார்கள், மறுநாள் கிணற்றடியில் என்ன பேசுகிறார்கள் என்பதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதினார்கள். இவ்வாய்வுக்குத் தலைமை தாங்கிய பினோத் அகர்வால் 1978-இல் அதை நூலாக வெளியிட்டார்.

கண்டது என்ன? முதல் நாட்களில் ஊரே திரண்டது. பிறகு கூட்டம் குறைந்து, உண்மையில் ஆர்வம் உள்ளவர்கள் நிலைத்தார்கள். உடல்நலம், குடும்பநலம் முதலியவற்றில் புதிதாக அறிந்துகொண்டவர்களில் பெண்களும் எழுத்தறியாதவர்களும் முன்னணியில் நின்றார்கள். புத்தகம் எட்டாத இடத்துக்குத் திரை எட்டியிருக்கிறது. எங்கள் அம்மாச்சி மூன்றாம் வகுப்போடு நின்றவர். சர்க்கரை நோய்க்கு என்ன சாப்பிடக் கூடாது என்பதை அவர் டாக்டரிடம் கேட்டதைவிட டி.வி.யில் பார்த்துத் தெரிந்துகொண்டதே அதிகம் என்பதால், இது எனக்கு வியப்பாகத் தோன்றவில்லை.

உழவில் மட்டும் ஒரு புதிர். கணக்கெடுப்பின்படி, தொலைக்காட்சி பார்த்த உழவர்கள் புதிய முறைகளைக் கைக்கொண்டதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. ஆனால் கிராமத்திலேயே தங்கியிருந்த மானிடவியலாளர்களோ, உழவர்கள் பல சிறு புதுமைகளை, குறிப்பாகக் கைப்பணம் செலவழியாதவற்றை, முயன்று பார்த்ததைக் கண்டார்கள். கேள்வித்தாளில் விழாதது கூட இருந்தவர் கண்ணில் விழுந்தது. இரண்டில் எது பொய்? இரண்டுமே பொய்யில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பெரிய வலையில் சிறு மீன் தங்குவதில்லை.

1976 ஜூலை 31 அன்று ஆண்டு நிறைவுற்றது. செயற்கைக்கோள் மேற்கு நோக்கி நகர்த்தப்பட்டது. பிற்பாடு சில இடங்களுக்குத் தரைவழி ஒளிபரப்பு வந்தது என்றாலும், பல கிராமங்களில் பெட்டி வெறும் பெட்டியாயிற்று. ஓர் ஆண்டு மாலைதோறும் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் மறுநாள் மாலை என்ன செய்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப்பார்ப்பதுண்டு.

தொலைக்காட்சி ஆராய்ச்சியில் விளம்பரக்காரர்களுக்காக நடப்பதும் ஒரு வகை. தேர்ந்தெடுத்த வீடுகளில் ஒரு கருவியை வைத்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் பார்க்கும்போது தம் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். எந்தத் தொடருக்கு எத்தனை பேர் என்பது இப்படித்தான் தெரிகிறது. பெட்டியின் முன் உட்கார்ந்தபடி அம்மாச்சி தூங்கிவிட்டாலும் அவரும் பார்வையாளரே!

இப்போது கைபேசி. இங்கே முந்தைய முறைகள் பெரும்பாலும் தடுமாறுகின்றன. ஊருக்கு ஒரு பெட்டி இருந்தால் பார்ப்பவரை எண்ணலாம். ஆளுக்கொரு திரை, அதுவும் போர்வைக்குள் என்றால் எப்படி எண்ணுவது? நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டால் சரியான விடை வருவதில்லை. 2021-இல் டக்ளஸ் பாரியும் பிறரும் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, மக்கள் தாமாகச் சொன்ன நேரத்தையும் கருவி பதிவு செய்த நேரத்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் சரிவர ஒத்துப்போகவில்லை. சிலர் கூட்டியும் சிலர் குறைத்தும் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்று சொன்ன பொய்யில்லை, உண்மையிலேயே தெரியவில்லை.

இதைப் படித்த அன்று நான் என்னையே சோதித்துக்கொண்டேன். நேற்று எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று ஒரு தாளில் எழுதினேன்: ஒரு மணி நேரம். பிறகு அம்மாவின் கைபேசியிலேயே உள்ள கணக்கைத் திறந்து பார்த்தேன். இரண்டு மணி நாற்பது நிமிடம். அதில் கொஞ்சம் அம்மா பார்த்தது என்று கழித்தாலும் என் ஒரு மணி நேரம் பொய்யாயிற்று. ஆக, "நான் அவ்வளவு பார்க்கவில்லை" என்று அப்பாவிடம் நான் சாதித்ததும், "எந்நேரமும் பார்க்கிறாய்" என்று அவர் சொன்னதும் இரண்டுமே அளவையில் நில்லாதவை.

சரி, நேரம் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதிகம் பார்ப்பவர் மனம் சோர்ந்திருக்கிறார் என்றும் கண்டோம். உடனே பார்த்ததால் சோர்வு என்று சொல்லலாமா? மழைக்காலத்தில் குடை அதிகம் விற்கிறது, சளியும் அதிகம் பிடிக்கிறது. குடையால் சளி பிடித்தது என்போமா? சோர்ந்திருப்பவர்தான் திரையை நாடுகிறாரோ என்னவோ. அல்லது வீட்டில் உள்ள வேறு ஏதோ ஒரு துன்பம் இரண்டையும் உண்டாக்குகிறதோ என்னவோ. இதைப் பிரித்தறிவதுதான் ஆராய்ச்சியாளருக்குப் பெரும்பாடு.

2019-இல் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இருவர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சேகரிக்கப்பட்ட 3,55,358 இளைஞர்களின் விடைகளை எடுத்துக்கொண்டார்கள். அதே விடைகளை வெவ்வேறு விதமாகக் கணக்கிட்டால் வெவ்வேறு முடிவு வருகிறதே என்று, இயலக்கூடிய எல்லா விதங்களிலும் கணக்கிட்டார்கள். திரைக்கும் மனநலக் குறைவுக்கும் தொடர்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் இளைஞருக்கு இளைஞர் மனநலத்தில் காணும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 விழுக்காடே அத்தொடர்பால் விளங்கியது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அதே விடைத்தாள்களில் இருந்த உருளைக்கிழங்கு உண்பதையும் கணக்கிட்டார்கள். உருளைக்கிழங்குக்கும் ஏறக்குறைய அதே அளவு தொடர்பு! மூக்குக்கண்ணாடி அணிவதற்கு அதைவிட அதிகம். பிறர் கேலிக்கும் கொடுமைக்கும் ஆளாவதற்கோ பன்மடங்கு அதிகம்.

இதைப் படித்ததும் நான் துள்ளிக் குதித்து அப்பாவிடம் ஓடினேன் என்பதை மறைக்கப்போவதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு, "இது சராசரிக் கணக்கு. நான் கேட்டது உன்னைப் பற்றி" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஆராய்ச்சியாளர்களிலும் இதையே சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஜீன் ட்வெங் போன்றவர்கள், எல்லாத் திரைகளையும் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகக் கலந்தால் உண்மை நீர்த்துப்போகும் என்றும், சமூக ஊடகத்தையும் அதைப் பார்க்கும் பெண்பிள்ளைகளையும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் வாதிடுகிறார்கள். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராயும் முயற்சியும் தொடங்கிவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பைரன் ரீவ்ஸும் அவருடைய குழுவினரும், சம்மதித்தவர்களின் கைபேசித் திரையை ஐந்து வினாடிக்கு ஒரு முறை தானாகவே படம்பிடித்துச் சேர்க்கிறார்கள். 2020-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் பதினான்கு வயதுடைய இருவரின் நாட்களை ஒப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர் சில நிமிடங்களாகப் பல முறை எடுத்து எடுத்து வைக்கிறார். மற்றவர் சில முறையே எடுத்து நெடுநேரம் பார்க்கிறார். மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் இருவரும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். ஆனால் அந்த இரண்டு நாட்களும் ஒன்றல்ல. இம்முறையில் உண்மை துல்லியமாகத் தெரியும். ஆனால் ஐந்து வினாடிக்கு ஒரு முறை என் திரையை இன்னொருவர் பார்ப்பதற்கு நான் சம்மதிப்பேனா? சம்மதிக்க மாட்டேன். தோழிக்கு எழுதும் செய்தியெல்லாம் அதில் இருக்குமே. சம்மதிக்கும் ஒரு சிலரை வைத்துக்கொண்டு, சம்மதிக்காத என்னைப் போன்றவர்களைப் பற்றி எப்படி அறிவார்கள் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

இறுதியாக அப்பாவும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். எத்தனை மணிக்குப் போனை எடுத்தேன், எத்தனை மணிக்கு வைத்தேன், என்ன பார்த்தேன், பார்க்குமுன் மனம் எப்படி இருந்தது, பிறகு எப்படி இருந்தது என்று எழுதிவருகிறேன். பக்கத்துப் பத்தியில் அன்றன்று எத்தனை கணக்குகள் போட்டேன் என்பதும் இருக்கிறது. எட்டு நாட்கள் ஆகியிருக்கின்றன. எழுத வேண்டுமே என்ற எண்ணத்தாலேயே நான் போனை எடுப்பது குறைந்துவிட்டது. அளக்கப் போனதே அளவை மாற்றிவிட்டது! இப்படி நேரும் என்று சிஸ்டர் முன்பே எச்சரித்தார். ஆகவே முதல் வாரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

அதே நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து அப்பாவும் தம் கணக்கை எழுதிவருகிறார். நேற்று மாலை பூசைக்குப் புறப்படும் அவசரத்தில் நோட்டை மேசை மீதே விட்டுச் சென்றுவிட்டார். நான் திறந்து பார்க்கவில்லை. அம்மாச்சி பார்த்திருக்கிறார் போலும்; காலையிலிருந்து அப்பாவைக் கண்டு சிரித்துக்கொண்டே இருக்கிறார்.